சுற்றி அளந்த மரங்கள்

என் தங்கையின் தோட்டத்தில் அறுபத்து மூன்று மாமரங்கள் நின்றன. அறுபதை அவளும் அவள் கணவரும் சேர்ந்து நட்டார்கள். அவர் காலமான பிறகு, அறுபத்து மூவர் என்னும் அடியார் தொகைக்கு மூன்று குறைகிறதே என்று அவளே மூன்று கன்றுகளை வாங்கிவந்து வடகிழக்கு மூலையில் வைத்தாள். எல்லாம் ஒட்டுக்கன்று, எல்லாம் பங்கனப்பள்ளி. செங்கம் சாலையில் விடுதிகளும் காப்பிக்கடைகளும் முடிந்து, வண்டிச் சத்தம் அடங்கும் இடத்தில் இடப்புறம் ஒரு மண்பாதை பிரியும். அதன் கோடியில் இரண்டு ஏக்கர் நிலமும் ஓட்டு வீடும் இருந்தன. இருந்தன என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் நான்.

அரசுக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் நான். காயாவதும் கனியாவதும் எப்படி என்பதே என் பாடம். செடிக்குள் சுரக்கும் எந்த இயக்குநீர் தளிரை நீட்டுகிறது, எது பூவைக் கூட்டுகிறது, எந்த மரபணு விழித்துக்கொண்டால் காயின் பச்சை மஞ்சளாகிறது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் வரைந்தேன். ஓய்வு பெற்ற பின் மாலை நேரங்களை அண்ணாமலையார் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் பிராகாரத்தில் உட்கார்ந்து பதிகம் பாடும் ஏழெட்டுக் கிழவர்களில் நானும் ஒருவன். இரண்டும் வேறு வேறு கல்வி என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆன்மா பக்குவப்படுவதைச் சொல்ல நம் பெரியோர்க்குக் கனியைவிடச் சிறந்த உவமை கிடைக்கவில்லை. எனக்கோ கனியைப் பற்றிய கல்வியே பிழைப்பாக வாய்த்தது. இதை என் மேல் இறங்கிய தனிக் கருணை என்று எண்ணிப் பூரித்திருந்தேன்.

நிலத்தைத் தங்கையின் கணவர் தம் மகன் பெயரில் எழுதிவைத்துப் போயிருந்தார். மகன் சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறான். கெட்டவன் அல்லன். தாய் தனியாகக் கிடக்கிறாளே என்ற கவலை அவனுக்கு உண்மையாகவே இருந்தது. மரங்களோ ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் ஓய்ந்தன. அப்படி இரண்டு மோசமான பருவங்கள் போன பின், ஓர் ஆடி மாதம் அவன் வந்து சொன்னான். நானும் அங்கே இருந்தேன்.

"மா, வர்ற சித்திரைக்குள்ள இந்த மரம் ஒழுங்கா காய்ச்சா சரி, நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா லேஅவுட்காரங்க கேக்கறாங்க, குடுத்துடலாம். நீ என்கூட வந்து இரு."

"அங்க வந்து நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அதுக்குத்தான் கூப்புடறேன்."

அவள் சிரித்தாள். அவன் போன பிறகு சிரிக்கவில்லை. "அண்ணா, ஒண்ணும் பண்ணாம இருக்கற எடத்துக்குப் பேரு வேற," என்றாள். அந்த மண்ணிலேயே இருந்து அங்கேயே கண்ணை மூட வேண்டும் என்பதற்கு மேல் அவளுக்கு ஆசை ஏதும் இல்லை. அந்த ஆசை ஒரு சித்திரையில் வந்து நின்றது.

புரட்டாசியில் ஒரு பிரதோஷ நாள். கோயில் மண்டபத்துக்கு வெளியே கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் தொலைபேசியில் அழைத்தாள். பக்கத்துத் தோட்டக்காரர் மரத்தடியில் ஏதோ மருந்து ஊற்றி மார்கழியிலேயே பூ எடுக்கிறாராம்.

"நீ இதத்தானே காலேஜுல பாடம் எடுத்த? எனக்கு எவ்ளோ ஊத்தணும்னு சொல்லேன்."

அந்த மருந்தை நான் நன்றாக அறிவேன். மாமரத்தின் தளிர்களை நீளவைப்பது ஜிப்ரலின் என்னும் இயக்குநீர். அது மிகுந்திருக்கும்வரை மரம் இலையும் கிளையுமாக ஓடிக்கொண்டிருக்கும், பூக்காது. மருந்து அந்தச் சுரப்பைத் தடுக்கும். ஓட்டம் நின்றதும் முற்றிய இலைகளில் ஒரு மரபணு விழித்து, பூக்கலாம் என்ற செய்தியை மொட்டுக்கு அனுப்பும். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம், தன் வேகம் அடங்கிய பிறகே பூ என்று சொல்லிச் சற்று நிறுத்துவேன். மாணவர்கள் குறிப்பெடுப்பதை விட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நிமிர்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அளவு மரத்துக்கு மரம் மாறும். கிளைகள் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை எத்தனை மீட்டர் விரிந்திருக்கின்றன என்று பார்த்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட வேண்டும். உள்ளே மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தாளம் தட்டும் ஓசை கேட்டது. நான் அவசரமாகச் சொன்னேன்: "ஒவ்வொரு மரமும் எத்தனை மீட்டர் விரிஞ்சிருக்குன்னு அளந்து எழுதி அனுப்பு. நான் கணக்கு போட்டுத் தரேன். அந்த மூணு கன்னு மட்டும் வேணாம், அதுங்களுக்கு வயசு பத்தாது."

எப்படி அளக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

மறுநாள் நோட்டுத் தாளின் படம் ஒன்று என் கைபேசிக்கு வந்தது. மரத்தின் எண், பக்கத்தில் மீட்டர். பதினெட்டு, பத்தொன்பது, இருபது, மறுபடியும் பத்தொன்பது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அறுபது மரங்களுக்கும் தனித்தனியே பெருக்கினேன். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன். பெருக்கலைத்தான் சரிபார்த்தேன், பெருக்கிய எண்ணைப் பார்க்கவில்லை. அந்த மரங்களின் நிழலில் எத்தனையோ பகல் படுத்திருக்கிறேன். என் தலைமாட்டிலிருந்து ஏழெட்டு அடி எடுத்து வைத்தால் மறுபக்க வெயிலுக்குப் போய்விடலாம் என்பது என் கால்களுக்குத் தெரியும். ஆனால் தாளில் எண் வந்துவிட்டால் அதைப் பாடப்புத்தகத்து எண்போல நம்பிவிடுவது என் முப்பது ஆண்டுப் பழக்கம்.

மருந்துக்கடைக்காரர் சந்தேகப்பட்டாராம். அதைப் பிறகுதான் சொன்னாள். "எத்தினி ஏக்கரும்மா, இவ்ளோ வாங்குறீங்க?" என்று அவர் கேட்க, "எங்கண்ணன் காலேஜ் வாத்தியாரு, மரம் மரமா கணக்கு போட்டுக் குடுத்துருக்காரு" என்று இவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் அதற்கு மேல் பேசவில்லை. கற்றவன் கணக்கு என்றால் யார்தான் பேசுவார்கள்.

மார்கழியில் மரங்கள் பூத்தன. இலை தெரியாத அளவுக்குப் பூ என்று தங்கை அழைத்துச் சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. மார்கழி விடியல்கள் கோயிலுக்கு உரியவை, பிறகு போகலாம் என்று இருந்துவிட்டேன். பொங்கலுக்கு வந்த மருமகன் தோட்டத்திலிருந்தே எனக்கு அழைத்தான்.

"மாமா, இவ்ளோ பூவ நான் பார்த்ததே இல்ல. நீங்க இத மொதல்லயே பண்ணியிருக்கலாமே. இத்தன வருஷம் பசங்களுக்குச் சொல்லிக்குடுத்து வேஸ்ட் பண்ணிட்டீங்க."

"காய் நிக்கட்டும்ப்பா, பார்க்கலாம்," என்றேன். அடக்கமாகச் சொன்னேனே தவிர, அன்று மாலை பாடும்போது என் குரல் மற்றவர்கள் குரலுக்கு மேலே போனது எனக்கே கேட்டது.

தை கடைசியில்தான் போனேன். வேலிப்படலைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. மாம்பூங்கொத்து தளர்ந்து நீண்டு ஒரு முழம் தொங்க வேண்டும். இவை முட்டைக்கோசு போலக் கெட்டியாக, மூடிய முஷ்டியாகக் கிளையோடு ஒட்டிக்கிடந்தன. புதுத் தளிர்களில் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளியே இல்லை, இலைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவைத்ததுபோல இருந்தன. பூங்கொத்துக்குள் மிளகளவுப் பிஞ்சுகள், நெருங்கிய இடத்தில் மூச்சுக்கு இடமின்றி. இந்த நோய்க்கோலத்தை நான் படமாக வரைந்துகாட்டியிருக்கிறேன். அளவு மிஞ்சினால் இப்படி ஆகும் என்று தலைப்பிட்டுமிருக்கிறேன்.

"நீ எப்படிம்மா அளந்த?" என்று கேட்டேன்.

"கயித்தாலதான்."

"அளந்து காட்டு."

கொட்டகையிலிருந்து, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்துவந்தாள். முதல் மரத்தின் கிளை விளிம்புக்கு நேர் கீழே ஒரு குச்சியை நட்டு, கயிற்றின் நுனியை அதில் கட்டினாள். பிறகு மரத்தை வலப்பக்கமாக வைத்து, விளிம்போடு விளிம்பாகக் கயிற்றை விட்டுக்கொண்டே சுற்றிவந்து குச்சியிடம் நின்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்தொம்போது," என்றாள்.

நான் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன், வேற எப்புடி அளப்பாங்க? நடுவுல அடிமரம் நிக்குதே, அதுல பூந்து போவாங்களா?" என்று சிரித்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி நடந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். மலையின் சுற்று பதினான்கு கிலோமீட்டர் என்பது இந்த ஊரில் பேசத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும். மலையின் அகலம் எவ்வளவு என்று எழுபது வயதுவரை என்னை எவரும் கேட்டதில்லை. நானும் எவரையும் கேட்டதில்லை. பெரிதாக நிற்கும் ஒன்றின் அளவை அறிய வேண்டுமானால் அதைச் சுற்றிவர வேண்டும் என்பது எங்கள் கால்களில் ஊறிய அறிவு. அவள் பக்தியோடு அளந்திருக்கிறாள். விட்டத்துக்குப் பதில் சுற்றளவு வந்திருக்கிறது. மூன்று மடங்குக்கும் சற்று மேலாக அறுபது மரங்களின் வேரில் நஞ்சை ஊற்றச் சொன்னவன் நான்.

அன்று ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். மறுநாள் முதல் என் கல்வியில் மிச்சமிருந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். மரத்துக்கு மறுக்கப்பட்ட ஜிப்ரலினைக் கரைத்து இலைமேல் தெளிக்கச் செய்தேன். பாத்தி நிறையத் தண்ணீர் கட்டினேன். தங்கை கேட்டதற்கு, காய் பெருக்க என்று சொன்னேன். அவள் நம்பினாள். அந்த மருந்து மண்ணைப் பிடித்தால் எளிதில் விடாது. இரண்டு மூன்று பருவம் ஆகும். பிறகு மரம் தானே தெளிந்து பழையபடி நீளும், பூக்கும், காய்க்கும். காலம் ஒன்றுதான் மருந்து. காலந்தான் எங்களிடம் இல்லை.

மாசியில் பிஞ்சுகள் உதிரத் தொடங்கின. பிஞ்சுக்குள் வளரும் விதை, நான் இருக்கிறேன் என்று ஆக்சின் என்னும் இயக்குநீரைக் காம்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி நின்றுபோனால் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு தளர்ந்துவிடும். மரம் தள்ளிவிடுவதில்லை, பிடியை விட்டுவிடுகிறது. சருகுகளின் மேல் பிஞ்சு விழும் ஓசை தூறல்போல நாள் முழுதும் கேட்டது. தங்கை காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பெருக்கிக் குவித்தாள். பங்குனியில், அறுபது மரத்திலும் சேர்த்து எலுமிச்சை அளவில் நாற்பது ஐம்பது காய் நின்றிருந்தால் அதிகம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மரமானாலும் அந்தப் பருவத்தின் முதல் கனி அண்ணாமலையாருக்கு. அது சந்நிதிக்குப் போகும்வரை வீட்டில் யாரும் வாய் வைப்பதில்லை. நின்ற காய்களில் நல்லதாக ஐந்தைப் பறித்து வைக்கோலில் மூடி வைத்தாள். பத்து நாள் கழித்துத் திறந்தால் பச்சையாகவே இருந்தன. நான் கனிந்த வாழைப்பழச் சீப்பு ஒன்றை அவற்றோடு வைத்து மூடினேன். பழுக்கும் பழத்திலிருந்து எழும் எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்கத் தூண்டும், ஒன்று கனிந்தால் கூட இருப்பதும் கனியும் என்பது விதி. அடியார் கூட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் ஆசையோடு சொல்லும் விதி அது. ஆனால் காய் முற்றியிருக்க வேண்டும். முற்றாத காய்க்குள் அந்த அழைப்பைக் கேட்கும் செவி இன்னும் திறந்திருக்காது. வாழைப்பழம் கறுத்து அழுகியது. மாங்காய் ஐந்தும் பச்சை மாறாமலே தோல் சுருங்கி, கிழவர் கைபோல ஆயின.

அவற்றை முறத்தில் வைத்துக்கொண்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னேன். கயிறு, மீட்டர், நான் போட்ட பெருக்கல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு காயை எடுத்து விரலால் அழுத்தினாள்.

"மரம் செத்துடுமா?"

"சாகாது. மூணு வருஷத்துல சரியாயிடும்."

"சரியாயிடுமில்ல?" என்று மறுபடி கேட்டுத் தலையசைத்துக்கொண்டாள். காயை முறத்தில் திரும்ப வைத்துவிட்டு, "உன் மருமவன்கிட்ட சொல்லிடாத," என்றாள்.

"ஏம்மா? அவனுக்குத் தெரியணும்."

"அவன் உன்ன பெரிய ஆளுன்னு நெனச்சிக்கினு இருக்கான். அவங்கப்பா போனப்புறம் அவனுக்கு அப்படி நெனைக்க ஒரு ஆளு வேணும். நான் பார்த்துக்கறேன்."

நான் வற்புறுத்தவில்லை. தன் மானத்தைக் காக்க அவள் சொல்லவில்லை, என் மானத்தைக் காக்கத்தான் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சித்திரையில் மருமகன் வந்தான். மரங்களுக்கு நடுவே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து உட்கார்ந்தான். கோபமாக இல்லை, ஏமாந்த முகமாக இருந்தான்.

"என்ன மாமா ஆச்சி? அவ்ளோ பூ இருந்துச்சே."

நான் வாய் திறப்பதற்குள் தங்கை சொன்னாள்: "பனி ஜாஸ்திடா இந்த வருஷம். பூவெல்லாம் கருகிப்போச்சி."

அவன் என்னைப் பார்த்தான். "பனியா மாமா?"

கையில் மோர்த் தம்ளர் இருந்தது. "பனியும் இருந்தது," என்றேன். பொய் என்று சொல்லிவிட முடியாத ஒரு வாக்கியம். மேடையில் நின்று பேசிப் பழகியவனுக்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் எளிதாக வரும்.

அவன் பெருமூச்சு விட்டான். "மருந்து கோளாறு, மண்ணு கோளாறுன்னாகூட ரெண்டு வருஷம் பார்க்கலாம், சரி பண்ணலாம். வானத்த யாரு மாமா சரி பண்றது? அடுத்த வருஷமும் பனி வரும். நான் அம்மாவ இங்க எப்படி விடறது?"

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். மூன்றே வருடம் பொறு, குற்றம் வானத்துடையது அல்ல, என்னுடையது, மரம் தெளிந்துவிடும் என்ற அந்த ஒரு வாக்கியம் என் நாக்கில் முழுமையாக உருவாகி நின்றது. தங்கை என்னைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பொறுத்திருப்பான் என்றே இன்றும் நினைக்கிறேன். காரணம் தெரிந்தால் பொறுக்கக்கூடியவன் அவன். என்னைக் காக்க அவள் சொன்ன பொய்யே அவள் மரங்களைச் சாய்த்தது. அந்தப் பொய்யை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த நான் மோரைக் குடித்து முடித்தேன்.

ஆனியில் நில அளவைக்காரர்கள் வந்தார்கள். நாடாவை ஒரு வேலியிலிருந்து எதிர் வேலிக்கு நேராக இழுத்தார்கள். நீளம், அகலம். வழியில் மரம் நின்றால் வெட்டிவிட்டு இழுத்தார்கள். பிறகு பொக்லைன் வந்து மிச்ச மரங்களையெல்லாம் வேரோடு சாய்த்தது. விழுந்த மரங்களின் நுனியில், அந்த நெருங்கிய கணுக்களுக்கு மேலே, விரற்கடை நீளத்துக்குப் புதுத் தளிர் கொஞ்சம் நீண்டிருந்ததைக் கண்டேன். அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. வடகிழக்கு மூலை பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் அகப்பட்டதால் அந்த மூன்று கன்றுகளை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அவள் சென்னைக்குப் போனாள். நான்காவது மாடி. வாரம் ஒருமுறை பேசுவாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால், "ஒண்ணும் பண்ணல," என்பாள். நான் இப்போதும் கோயிலில் உட்காருகிறேன். கனியைச் சொல்லும் அடிகள் வரும்போது உதட்டை அசைக்கிறேன், குரல் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் வயது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அருள் வரும் என்று சொல்லித்தான் வளர்ந்தேன். அது வரும்போது நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கவில்லை என்றால் அது யாரிடம் போய்ச் சேரும் என்று பாட்டு எதிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

இந்த வைகாசியில் கணவரின் திதிக்காக வந்திருந்தாள். மறுநாள் காலை, அந்தப் பக்கம் போய்வரலாம் என்று அவளே சொன்னாள். ஆட்டோவில் போனோம். வீடு இருந்த இடத்தில் தார்ச்சாலை. மனைக்கல் வரிசைக்கு அப்பால் அந்த மூன்று மரங்கள், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, முதன்முதலாகக் காய்த்துப் பழுத்திருந்தன. மருந்து படாத மரங்கள். கீழே விழுந்து வெடித்த பழங்களில் எறும்பு மொய்த்திருந்தது. காம்போரம் மஞ்சள் ஏறிய ஒரு பழம் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது.

"முதல் பழம். பறிச்சிக்கினு கோயிலுக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

"எடம் யாரு பேர்ல இருக்கு?"

"பூங்காவுக்குன்னு பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்க."

"அப்புறம் நாம எப்படிக் குடுக்கறது? நம்மது இல்லாதத சாமிக்குக் குடுக்கக் கூடாது." பழத்தைத் தொடாமல் அதன் கீழே உள்ளங்கையை வைத்து, எடை பார்ப்பதுபோல நின்றாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். முதல் கனி சந்நிதிக்குப் போகாததால் அவள் உண்ணவும் மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணா, அந்த அறுவதும் இருந்திருந்தா இந்நேரம் காய்ச்சிருக்குமா?"

அவள் கேட்டுவிடக் கூடாதே என்று மூன்று வருடமாக நான் அஞ்சிய கேள்வி.

"காய்ச்சிருக்கும்மா," என்றேன்.

"ம்," என்றாள். மனைக்கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அவன்கிட்ட இப்பவும் சொல்லாத."

பழத்துக்கென்று கொண்டுவந்திருந்தாள்போலும், கையில் மஞ்சள் பை ஒன்று இருந்தது. அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள்.